பழைய மோட்டார்ஹோமில் ஸ்டியரிங் ஆட்டம்: கண்டறிவதும் குறைப்பதும்

ஸ்டியரிங் வீலை இடமும் வலமுமாக இலேசாக அசைத்த பிறகும் முன்சக்கரங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும் அந்த வெற்று அசைவைத்தான் பட்டறைகளில் ‘ப்ளே’ என்றும் ‘ஆட்டம்’ என்றும் சொல்கிறார்கள். இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிய ஒரு மோட்டார்ஹோமில், அதாவது வீட்டையே சுமந்து ஓடும் வண்டியில், இந்த ஆட்டம் அறவே இல்லாமல் இருக்காது. ஐந்து டன் எடையுள்ள ஒரு வீட்டை அமெரிக்க நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிச் செல்பவருக்கு, அது எவ்வளவு இருக்கிறது, எந்த இணைப்பிலிருந்து வருகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஃபோர்டு ஈ-350 என்ற வேனின் சேஸியின் (அடிச்சட்டத்தின்) மீது கட்டப்பட்ட க்ளாஸ் சி வகை வண்டிகளை, அதாவது வேனின் முகப்பும் ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கையும் கொண்ட வண்டிகளை, முதன்மை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். பழைய மோட்டார்ஹோம்களில் அந்த சேஸி மிகப் பரவலானது என்பதும், அதன் முன் அச்சும் இணைப்புகளும் கண்ணுக்கும் கைக்கும் எளிதில் எட்டக்கூடியவை என்பதும் அதற்குக் காரணம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ‘ஸ்டியரிங்கில் ஆட்டம் அதிகம்’ என்று வரும் புகார்களில் கணிசமானவை உண்மையில் ஆட்டத்தைப் பற்றியவை அல்ல. வண்டி சாலையில் அலைபாய்வதைப் பற்றியவை. ஆட்டம் என்பது இயந்திர இணைப்புகளில் உள்ள தளர்வு. வண்டி நிற்கும்போதும் அதை அளந்துவிடலாம். அலைச்சலுக்கோ டயர் காற்று, எடைப் பங்கீடு, சக்கரக் கோணங்கள், பக்கவாட்டுக் காற்று எனப் பல காரணங்கள் இருக்கின்றன. ஒரு துளித் தளர்வும் இல்லாத வண்டிகூட அலையலாம். இரண்டும் ஓட்டுநரின் கைக்கு ஒரே மாதிரிதான் தெரியும், ஏனெனில் இரண்டிலும் அவர் ஓயாமல் வீலைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஸ்பானரைத் தொடுவதற்கு முன்பு நிற்கும் வண்டியில் ஆட்டத்தை அளந்து ஓர் எண்ணாக எழுதிக்கொள்வது நல்லது. அந்த எண் சிறியதாக இருந்தால் கோளாறு இணைப்புகளில் இல்லை என்பது அப்போதே தெரிந்துவிடும்.

அளக்கும் முறை

சமதளத்தில், முன்சக்கரங்கள் நேராக இருக்கும்படி வண்டியை நிறுத்துங்கள். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் என்ஜினை ஓடவிட்டுத்தான் அளக்க வேண்டும்; அணைத்துவிட்டு அளந்தால், ஸ்டியரிங் பாக்ஸின் (வீலின் சுற்றைக் குறைத்துக் கீழேயுள்ள இணைப்புகளுக்குத் தரும் பற்சக்கரப் பெட்டியின்) உள்ளே வால்வை இயக்கும் டார்ஷன் பார் என்ற மெல்லிய கம்பி முறுக்கிக்கொள்ளும் அசைவும் ஆட்டத்தோடு சேர்ந்து கணக்கில் வந்துவிடும். டேஷ்போர்டில் ஒரு கம்பித் துண்டை ஒட்டி, அதன் நுனி வீலின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்குமாறு வளைத்துக்கொள்ளுங்கள். வீலின் விளிம்பில் வெள்ளை டேப் ஒன்றைச் சுற்றுங்கள். ஒரு விரலால் வீலை இடப்புறம் மெதுவாகத் தள்ளிக்கொண்டே வந்து, வெளியே நிற்பவர் ‘டயர் அசைந்தது’ என்று குரல் கொடுக்கும் இடத்தில் டேப்பில் ஒரு கோடு. பின்பு வலப்புறம் அதே போல் ஒரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் இடையே விளிம்பின் மேல் உள்ள தூரம்தான் ஆட்டம். இதை மூன்று முறை செய்து, மூன்றும் ஏறக்குறைய ஒத்துவந்தால் மட்டுமே அந்த அளவை நம்பலாம்.

எவ்வளவு இருந்தால் அதிகம் என்பதற்கு ஒரு வெளி எல்லை உண்டு. அமெரிக்காவில் வணிக வாகனங்களுக்கான கூட்டாட்சி விதி 49 சி.எஃப்.ஆர். 393.209, 406 மி.மீ. அல்லது அதற்குக் குறைந்த விட்டமுள்ள ஸ்டியரிங் வீலுக்குப் பவர் இல்லாத ஸ்டியரிங் என்றால் 51 மி.மீ., பவர் ஸ்டியரிங் என்றால் 108 மி.மீ. என்று உச்ச அளவை வைத்திருக்கிறது. சொந்த உல்லாசப் பயணத்துக்கான மோட்டார்ஹோமை அந்த விதி கட்டுப்படுத்தாவிட்டாலும், அளவுகோலாக அது பயன்படும். என் கருத்தில் 108 மி.மீ. என்பது ‘இனி இந்த வண்டியைச் சாலையில் விடக்கூடாது’ என்ற எல்லையே தவிர, நிம்மதியாக ஓட்டக்கூடிய எல்லை அன்று. 25 மி.மீ.க்குள் இருந்தால் நான் பாக்ஸின் பக்கம் போகவே மாட்டேன், 50 மி.மீ.யைத் தாண்டினால் அடுத்த பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டுத் தேடத் தொடங்குவேன்.

தளர்வு எங்கே பெருகுகிறது

தேடும் வரிசையைத் தீர்மானிப்பது ஒரு சிறு கணக்கு. 406 மி.மீ. வீலில் ஒரு டிகிரி என்பது விளிம்பில் ஏறத்தாழ 3.5 மி.மீ. வீலுக்கும் பாக்ஸுக்கும் நடுவிலுள்ள கப்ளிங்கிலோ யு-ஜாயின்ட்டிலோ இரண்டு டிகிரி தளர்வு இருந்தால், விளிம்பில் அது 7 மி.மீ. ஆட்டமாக மட்டுமே தெரியும். பாக்ஸைக் கடந்து கீழே போனால் கதை வேறு. பாக்ஸ் சுமார் 17-க்கு 1 என்ற விகிதத்தில் சுற்றைக் குறைத்துத் தருவதாகவும், பாக்ஸிலிருந்து வெளிவரும் செக்டர் ஷாஃப்டில் மாட்டிய பிட்மேன் ஆர்ம் என்ற கையின் நீளம் 150 மி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். அந்த ஆர்மின் நுனியில், சக்கரத்தை நோக்கிப் போகும் டிராக் லிங்க் என்ற தண்டைப் பிடித்திருக்கும் பந்துமூட்டு வெறும் 1 மி.மீ. தளர்ந்திருந்தால், செக்டர் ஷாஃப்டில் அது 0.38 டிகிரி, அதை 17-ஆல் பெருக்கினால் வீலில் ஆறரை டிகிரி, விளிம்பில் 23 மி.மீ. ஒரே மில்லிமீட்டர் தேய்ந்த ஒரு மூட்டு, ஓட்டுநரின் கையில் ஏறக்குறைய ஓர் அங்குலமாக வந்து நிற்கிறது. பாக்ஸைத் தாங்கும் போல்ட்டுகள் தளர்ந்து பாக்ஸே ஃபிரேமின் மேல் அசைந்தாலும் இதே பெருக்கல்தான்.

இதனால்தான், ஆட்டம் என்றவுடன் பாக்ஸின் மேலுள்ள சரிசெய்யும் திருகைத் தேடி ஓடுவதை நான் எதிர்க்கிறேன். அந்தத் திருகு கைக்கு எட்டுகிறது, செலவில்லை, இரண்டு நிமிட வேலை. அதுதான் அதன் ஆபத்தும். கீழே ஒரு மூட்டு தேய்ந்திருக்கும்போது மேலே திருகை இறுக்கினால், தேய்ந்த மூட்டு அப்படியே இருக்க, நல்ல நிலையில் இருந்த பாக்ஸும் கெட்டுப்போகும். நான் முதன்முதலில் வாங்கிய பழைய மோட்டார்ஹோமில் ஒரு பட்டறைக்காரர் அதைத்தான் செய்தார். திரும்பும் வழியிலேயே வண்டியின் குணம் மாறிவிட்டது: வளைவில் திருப்பிய வீல் தானாக நேருக்கு வரவில்லை, நேரான சாலையில் ஒவ்வொரு திருத்தமும் சற்று அதிகமாகி, எதிர்ப்புறம் இன்னொரு திருத்தம் தேவைப்பட்டது. ஆட்டம் குறைந்திருந்தது, ஆனால் வண்டி முன்பைவிட அதிகமாக அலைந்தது. உண்மையான குற்றவாளி டிராக் லிங்க்கின் முனை என்பது இரண்டு வாரம் கழித்து, நானே கீழே படுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

கீழே படுத்துப் பார்க்க வேண்டியவை

இதற்கு இருவர் வேண்டும்: ஒருவர் வீலைப் பிடிக்க, ஒருவர் கீழே படுக்க. கியர் பார்க் நிலையில், கை பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு, என்ஜினை அணைத்த நிலையில், முன்சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். சக்கரங்கள் தரையைப் பிடித்திருந்தால்தான் இணைப்புகளின் மேல் சுமை ஏறும். ஜாக்கியில் தூக்கிவிட்டால் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அசைந்து, தளர்வு கண்ணில் படாது. சாவியைத் திருப்பி ஸ்டியரிங் பூட்டை மட்டும் விடுவித்துக்கொள்ளுங்கள். என்ஜின் அணைந்திருப்பதால் மேலே இருப்பவர் வீலைச் சற்று வலுவாகவே இருபுறமும் அசைக்க வேண்டியிருக்கும்; கடிகாரத்தில் பதினொன்றிலிருந்து ஒன்று வரை என்ற அளவு போதும்; நிறுத்தாமல் ஒரே சீராக அசைத்துக்கொண்டே இருக்கட்டும்.

கீழே இருப்பவர் பார்ப்பதோடு நில்லாமல் தொட்டும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மூட்டின் மேலும் விரல்களை, ஒரு விரல் ராட் என்ற தண்டிலும் ஒரு விரல் அதை ஏற்கும் ஆர்மிலுமாகப் படியும்படி வையுங்கள். நல்ல மூட்டில் இரண்டு விரல்களும் ஒன்றாக நகரும். தேய்ந்த மூட்டில் ஒன்று முதலில் கிளம்பும், மற்றது ஒரு கணம் தாமதித்து ‘டக்’ என்று பின்தொடரும். கண்ணுக்குத் தெரியாத அரை மி.மீ. தாமதத்தைக்கூட விரல் உணர்ந்துவிடும். பூட் என்ற ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியே வழிந்து, மண் ஒட்டிக் கறுத்திருந்தால் அந்த மூட்டின் ஆயுள் முடியப்போகிறது என்று கொள்ளலாம்.

ஈ-350-இன் முன் அச்சு ட்வின் ஐ-பீம் என்ற அமைப்பு. ஃபோர்டு 1965-இல் தன் பிக்கப் லாரிகளில் கொண்டுவந்தது அது. இடச்சக்கரத்துக்கு ஒன்று, வலச்சக்கரத்துக்கு ஒன்று என இரண்டு தனித்தனி இரும்பு உத்தரங்கள் குறுக்காகப் படுத்திருக்கும். அதன் ஸ்டியரிங் இணைப்பில் பிட்மேன் ஆர்மிலிருந்து ஒரு நீண்ட டிராக் லிங்க் வலச்சக்கரத்துக்குப் போகிறது. அந்த லிங்க்கிலிருந்தே கிளைபோல ஒரு டை ராட் இடச்சக்கரத்துக்குப் போகிறது. ஆக, பார்க்க வேண்டிய பந்துமூட்டுகள் நான்குதான்: பிட்மேன் ஆர்மில் ஒன்று, வலச்சக்கரத்தில் ஒன்று, டை ராட் கிளை பிரியும் இடத்தில் ஒன்று, இடச்சக்கரத்தில் ஒன்று. இவற்றுள் பிட்மேன் ஆர்ம் பக்கத்து மூட்டில் உள்ள தளர்வு இரு சக்கரங்களையும் பாதிப்பதால் அதை முதலில் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: டை ராடைக் கையால் பிடித்து அதன் அச்சிலேயே உருட்டினால் சற்று உருளத்தான் செய்யும். பந்துமூட்டு அப்படி உருள வேண்டியதுதான்; அதைக் கோளாறு என்று எண்ணி நல்ல முனையை மாற்றிவிட வேண்டாம். மூட்டு மேலும் கீழுமாகவோ, ராடின் நீளவாக்கிலோ இடம்விட்டு அசைவதுதான் தேய்மானம்.

வேறு சேஸிகளில் இணைப்பு வேறாக இருக்கும். ஜி.எம். பி30 சேஸியில் கட்டப்பட்ட பழைய க்ளாஸ் ஏ வண்டிகளில், அதாவது பஸ் போன்ற தட்டையான முகப்புள்ள வண்டிகளில், பெல் கிராங்க் என்ற திருப்புக்கை ஒன்று இடையில் உண்டு. அதன் புஷ் (உள்ளே உள்ள உறைவளையம்) தேய்வது அந்த சேஸியின் பரவலாக அறியப்பட்ட பலவீனம். அங்கே ஆட்டம் என்றால் நான் முதலில் கை வைப்பது அந்தப் புஷ்ஷின் மேல்தான். புஷ்ஷுக்குப் பதிலாக பேரிங் வைத்த மாற்று பெல் கிராங்க்குகளும் விற்பனைக்கு வந்திருக்கின்றன.

அடுத்து பாக்ஸ். வீலை அசைக்கும்போது பாக்ஸின் உடலுக்கும் ஃபிரேமுக்கும் இடையே ஒரு சாக்பீஸ் கோடு இழுத்து, அந்தக் கோடு உடைகிறதா என்று பாருங்கள். போல்ட் தளர்ந்திருந்தால் அதைச் சுற்றித் துரு கலந்த செந்தூள் படிந்திருப்பது வழக்கம். போல்ட் இறுக்கமாக இருந்தும் பாக்ஸ் அசைந்தால் ஃபிரேமிலேயே விரிசல் இருக்கக்கூடும். பாக்ஸைச் சுற்றியுள்ள ஃபிரேமைக் கம்பித் தூரிகையால் நன்றாகத் தேய்த்துவிட்டு விளக்கடித்துப் பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் அது வீட்டு முற்றத்தில் முடிக்கிற வேலை அன்று; ஃபிரேம் வெல்டிங்கில் தேர்ந்தவரிடம்தான் போக வேண்டும். பிட்மேன் ஆர்ம் சுழலாமல் பக்கவாட்டில் ஆடினால் செக்டர் ஷாஃப்டின் பேரிங் தேய்ந்திருக்கிறது. அங்கே எண்ணெயும் கசிந்துகொண்டிருக்கும்.

பாக்ஸுக்கு உள்ளே எவ்வளவு தளர்வு என்பதை அறிய என்ஜின் ஓட வேண்டும். ஆனால் என்ஜின் ஓடும்போது அடியில் யாரும் படுக்கக்கூடாது. விசிறி, பெல்ட், சூடான சைலன்சர், புகை எல்லாமே அங்கே இருக்கின்றன. இதற்குக் கைப்பேசியே போதுமானது. பாக்ஸுக்குள் நுழையும் ஷாஃப்டில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடும், பிட்மேன் ஆர்மில் ஒரு கோடும் போட்டு, இரண்டும் படத்தில் தெரியும்படி கைப்பேசியை ஒரு கட்டையின் மேல் சாய்த்து வைத்து, வீடியோவை ஓடவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பிறகு ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து என்ஜினை இயக்கி, வீலை மெதுவாக இருபுறமும் அசையுங்கள். பின்பு அந்தப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், வீல் அசைந்தும் உள்ளே போகும் ஷாஃப்ட் அசையாமல் இருந்தால் கோளாறு மேலே உள்ள கப்ளிங்கில். ஷாஃப்ட் அசைந்தும் ஆர்ம் அசையாமல் இருந்தால் பாக்ஸுக்குள்ளே. ஆர்ம் அசைந்தும் சக்கரம் அசையாமல் இருந்தால் கீழேயுள்ள மூட்டுகளில் என்று தெளிவாகப் பிரிந்துவிடும். இந்த ஒரு நிமிடப் படம், யூகத்தில் வாங்கும் பல பாகங்களின் விலையை மிச்சப்படுத்தும்.

சக்கரத்தைத் தூக்கிப் பார்க்கும் சோதனை

இப்போது முன் அச்சின் கீழ், சக்கரத்துக்கு அருகே ஜாக்கி வைத்துத் தூக்கி, எடையை ஜாக்கி ஸ்டாண்டில் இறக்குங்கள். மோட்டார்ஹோமின் எடையை ஜாக்கியை மட்டும் நம்பி விடவே கூடாது. டயரை மேலும் கீழுமாகப் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டினால் தெரியும் அசைவு வீல் பேரிங்கிலிருந்தோ, சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின் அல்லது அதன் இடத்தில் உள்ள பால் ஜாயின்ட்டிலிருந்தோ வரலாம். இரண்டையும் பிரிக்கப் பழைய மெக்கானிக்குகளின் உபாயம் ஒன்று உண்டு: மேலே இருப்பவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் பேரிங். பிரேக் பிடித்தும் தொடர்ந்தால் கிங் பின் அல்லது பால் ஜாயின்ட். டயரைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் அசைந்தால் டை ராட் முனைகளைச் சந்தேகிக்க வேண்டும்.

வீல் பேரிங் மட்டும்தான் காரணம் என்றால் மகிழ்ச்சி அடையலாம். சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பின்பு தளர்த்தி, தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளிக்குக் கொண்டுவந்தால் போதும். கூம்பு வடிவ ரோலர் பேரிங்குகளில் அந்த இடைவெளி வழக்கமாக 0.025 முதல் 0.13 மி.மீ. வரைதான். அதை இறுக்கியே விட்டுவிட்டால் பேரிங் சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.

ராட் முனைகளை மாற்றும்போது

தேய்ந்த டை ராட் முனைக்கு மாற்றுவது தவிர வேறு மருந்து இல்லை. கிரீஸ் நிப்பிள் உள்ள மூட்டில் புதிய கிரீஸ் அடித்தால் ஓரிரு வாரம் ஆட்டம் குறைந்ததுபோல் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பி நீண்ட பயணம் கிளம்பிவிடக் கூடாது. பழைய முனையைக் கழற்றுவதற்கு முன்பு, பந்தின் மையத்திலிருந்து, ராடின் நீளத்தைச் சரிசெய்யும் ஸ்லீவ் என்ற குழல் வரை உள்ள நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கழற்றும்போது அது எத்தனை சுற்றில் வெளியே வருகிறது என்றும் எண்ணுங்கள். புதியதை அதே சுற்று, அதே நீளத்துக்குக் கொண்டுவந்தால் சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கடை வரையாவது வண்டி டயரைத் தேய்க்காமல் போய்ச்சேரும். இரண்டு பல் கொண்ட இரும்புக் கவையை அடித்து நுழைத்துப் பிரிப்பதைவிட, திருகி இழுக்கும் புல்லரைப் பயன்படுத்துவது மேல். கவை ரப்பர் உறையைக் கிழித்துவிடும்.

கோட்டை மதில்போல் வெட்டுள்ள நட்டைக் குறித்த முறுக்கு விசைக்கு இறுக்கிய பிறகு நட் கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னுக்கான துளை ஒத்துவராவிட்டால், நட்டை இன்னும் சற்று இறுக்கி அடுத்த வெட்டுக்குக் கொண்டுவர வேண்டும். துளை ஒத்துவருவதற்காக ஒருபோதும் தளர்த்தக்கூடாது. பழைய காட்டர் பின்னை மறுபடி போடவும் கூடாது. ஸ்லீவின் கிளாம்ப் போல்ட்டுகளை எந்தப் பக்கம் நோக்கி வைத்திருந்தார்களோ அதே பக்கம் நோக்கி வையுங்கள். திசை மாறினால் முழுத் திருப்பத்தில் அவை அச்சில் இடிக்கக்கூடும்.

பிட்மேன் ஆர்மைக் கழற்ற நேர்ந்தால் அதற்கென்றே உள்ள புல்லர் வேண்டும். சுத்தியலால் அடித்தால் அந்த அடி நேரே பாக்ஸின் பேரிங்குகளுக்குப் போகிறது. மேலேயுள்ள ஷாஃப்டைப் பிரிக்கும் நிலை வந்தால், ஏர்பேக் உள்ள வண்டிகளில் வீலை அசையாமல் கட்டிவிட வேண்டும். பிரிந்த நிலையில் வீல் தாராளமாகச் சுற்றினால் உள்ளேயுள்ள க்ளாக் ஸ்பிரிங் என்ற நாடா வயர் அறுந்துவிடும்.

அந்தத் திருகு

மேற்சொன்ன எல்லாவற்றையும் பார்த்து, மாற்ற வேண்டியதை மாற்றி, மறுபடி அளந்த பின்பும் ஆட்டம் மிஞ்சியிருந்து, வீடியோவும் பாக்ஸைத்தான் காட்டுகிறது என்றால் மட்டுமே திருகின் முறை வருகிறது. அது என்ன செய்கிறது என்பது தெரிந்திருந்தால் கை நிதானமாகும். பாக்ஸுக்குள் வார்ம் ஷாஃப்ட் என்ற திருகுத் தண்டின் மேல் ஒரு நட், திருகு மரையில் உருளும் எஃகுக் குண்டுகளின் மேல் ஏறி இறங்குகிறது. அந்த நட்டின் பற்கள் செக்டர் ஷாஃப்டின் பற்களைத் தள்ளுகின்றன. செக்டர் பற்கள் சற்றே சாய்வாக வெட்டப்பட்டவை. மேலேயுள்ள திருகு செக்டர் ஷாஃப்டை நீளவாக்கில் நகர்த்த, சாய்ந்த பற்கள் எதிர்ப்பற்களோடு நெருங்கி இடைவெளி குறைகிறது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நேராக ஓடும் நிலையில், அதாவது பாக்ஸின் நடுப்புள்ளியில், பற்கள் மிக நெருக்கமாகவும், இருபுறமும் விலக விலகச் சற்றுத் தளர்வாகவும் இருக்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் தேய்மானமும் நடுவில்தான் அதிகம். ஆகவே நடுவில் உள்ள தளர்வை முழுவதும் போக்கும் அளவுக்குத் திருகை இறுக்கினால், தேயாத பக்கப் பற்கள் ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும். வளைவிலிருந்து வீல் திரும்பி வராமல் போவதும், சில வேளை பற்களே சேதமடைவதும் அதனால்தான். நடுவில் ஆட்டமும் பக்கங்களில் இறுக்கமும் ஒருங்கே இருந்தால் அந்தப் பாக்ஸ் திருகால் திருந்தாது. புதுப்பித்த பாக்ஸ்தான் வழி.

சரிசெய்யும்போது முன்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, என்ஜினை அணைத்து, முடிந்தால் டிராக் லிங்க்கைப் பிட்மேன் ஆர்மிலிருந்து கழற்றிவிடுங்கள். வீலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகச் சுற்றி எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் சரிபாதிக்குக் கொண்டுவந்தால் அதுவே பாக்ஸின் நடுப்புள்ளி. வீலின் நேர்நிலை அதோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். அப்படியானால் யாரோ முன்பு அலைன்மென்ட்டை ஒருபக்க ஸ்லீவில் மட்டும் திருத்தியிருக்கிறார்கள் என்று பொருள். அப்போது வண்டி நேராக ஓடும்போதும் பாக்ஸ் தன் நெருக்கமான புள்ளியிலிருந்து விலகியே இருப்பதால், தேய்மானமே இல்லாமலும் ஆட்டம் தெரியும். ஸ்லீவுகளைத் திருத்தி நடுவை நடுவாக்கினாலே சில வண்டிகள் சரியாகிவிடுகின்றன.

நடுப்புள்ளியில் வைத்து, திருகு அசையாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அதைப் பூட்டிவைக்கும் செக் நட்டைத் தளர்த்துங்கள். திருகின் தலைக்கு எதிரே பாக்ஸின் மூடியில் ஒரு கோடு போட்டுக்கொண்டால், தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வர முடியும். எந்தத் திசை இறுக்கும் என்பதை உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு மட்டும் திருப்பி, செக் நட்டை இறுக்கி, வீலை முனைக்கு முனை சுற்றிப் பாருங்கள். நடுவைக் கடக்கும்போது மட்டும் மிக இலேசான ஒரு தடிப்பு கைக்குத் தெரியலாம். வேறெங்கும் பிடிப்பு தெரியக்கூடாது. கையேட்டில் இதற்கான முறுக்கு விசை அளவு இருக்கும். சிறிய அளவுகளைக் காட்டும் டார்க் ரென்ச் உள்ளவர்கள் அந்த அளவைத்தான் பின்பற்ற வேண்டும், கையின் உணர்வை அல்ல. மொத்தத்தில் கால் சுற்றைத் தாண்டியும் ஆட்டம் குறையவில்லையென்றால், திருகைத் தொடங்கிய கோட்டுக்கே கொண்டுவந்துவிட்டு வேறு பாக்ஸுக்குப் பணம் சேர்க்கத் தொடங்குவது உத்தமம். வார்ம் ஷாஃப்டின் பேரிங் இறுக்கத்தைத் திருத்துவதற்கு வேறொரு அமைப்பும் பாக்ஸில் உண்டு. அதை வீட்டில் தொட வேண்டாம்.

ஆட்டம் போன பின்பும் அலைந்தால்

அளவு 20 மி.மீ.க்கு வந்தும் வண்டி அலைகிறதென்றால் முதலில் டயரைப் பாருங்கள். பக்கச் சுவரில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் 2318 என்றிருந்தால் அது 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்யப்பட்டது. மோட்டார்ஹோம்களில் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடுகிறது. காற்றை ஓட்டுநர் கதவோரத் தகட்டையும், லாரிகள் நிற்கும் எடைமேடையில் முன் அச்சு, பின் அச்சு எனத் தனித்தனியாகப் போட்ட எடையையும், டயர் தயாரிப்பாளரின் சுமை அட்டவணையையும் சேர்த்துப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். பின் அச்சுக்குப் பின்னால் நீண்டு தொங்கும் உடலில் 150 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இருந்தால், அந்த 150 கிலோ பின் அச்சை அழுத்துவதோடு நில்லாமல், நெம்புகோல்போல் முன் அச்சைத் தூக்கவும் செய்கிறது. முன் இலேசானால் பிடிப்பு குறையும்.

அதன்பின் காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. கையை விட்டும் சைக்கிள் நேராக ஓடுவதில் முன் ஃபோர்க்கின் சாய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. மோட்டார்ஹோமின் முன்சக்கரம் தானாக நேருக்கு வருவதற்கும் அதே போன்ற சாய்வுதான் தேவை. ஈ-350-இல் இது குறைவாக இருந்தால் வண்டி ஓயாமல் திருத்தம் கேட்கும். பால் ஜாயின்ட் உள்ள பிற்கால ஈ-350-களில் மேல் பால் ஜாயின்ட்டைச் சுற்றியுள்ள மையம் விலகிய புஷ்ஷை மாற்றி இந்தக் கோணத்தைத் திருத்தலாம். ஐந்து டிகிரிக்கு அருகில் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாக வைத்துத் தரும்படி உரிமையாளர்கள் கேட்டு வாங்குவதுண்டு. அச்சை முன்பின் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம்களின் புஷ்கள் நைந்திருந்தால் அவற்றை மாற்றாமல் கோணத்தை அளப்பதில் பயனில்லை. பிரேக் அடிக்கும்போதெல்லாம் அச்சு பின்னோக்கி நகர்ந்து, கோணமும் கூடவே மாறும். அலைன்மென்ட்டுக்குப் போகும்போது வண்டியில் பயணத்துக்கு ஏற்றும் தண்ணீரும் சாமான்களும் இருக்க வேண்டும். காலி வண்டியில் அமைத்த கோணம், ஐ-பீம் அச்சில் சுமை ஏறியதும் வேறாகிவிடும்.

ஸ்டியரிங் டாம்பர் எனப்படும் அதிர்வடக்கியை ஆட்டத்துக்கு மருந்தாகப் பலர் வாங்கி மாட்டுகிறார்கள். குண்டு குழியில் வீல் உதறுவதை அது குறைக்கும். டயர் வெடித்தால் கைக்குச் சற்று உதவும். தளர்வை அது குறைப்பதில்லை, மறைக்கிறது. ஆகவே மூட்டுகளைச் சரிசெய்து முடித்த பிறகு மட்டுமே அதை மாட்ட வேண்டும். ஏற்கெனவே மாட்டியிருந்தால் சோதனை நாளன்று ஒரு முனையைக் கழற்றிவிட வேண்டும்.

வேலை முடிந்ததும் அதே கம்பி, அதே டேப் கொண்டு மறுபடி அளந்து, பழைய அளவுக்குப் பக்கத்தில் தேதியோடு எழுதி, பதிவுச் சான்றிதழ் வைத்திருக்கும் உறையில் போட்டுவையுங்கள். போக்குவரத்து இல்லாத சாலையில் முதலில் மணிக்கு 30 கிலோமீட்டரில் ஓட்டி, இருபுறமும் திருப்பி, வீல் தானாகத் திரும்புகிறதா என்று பார்த்த பின்பே நெடுஞ்சாலைக்குப் போக வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு ஒரு முறை கீழே படுத்து, பாக்ஸின் போல்ட்டுகள், ஸ்லீவ் கிளாம்புகள், செக் நட், ஒவ்வொரு காட்டர் பின் ஆகியவற்றைக் கையால் தொட்டுப் பாருங்கள். சாக்பீஸ் கோடுகள் அப்போதும் உடையாமல் நேராக இருக்க வேண்டும்.